ஏரியைச் சுற்றி ஒரு மைல்

7 மார்ச் 1976, ஞாயிறு. லிட்கம்

காலையிலிருந்து மழை. தோய்த்த உடுப்புகளை அறைக்குள் கயிறு கட்டிக் காயப் போட்டிருக்கிறேன், வீடெல்லாம் சவர்க்கார மணம். இவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இன்றோடு மூன்று கிழமை, இருபத்தொரு நாள். ஜன்னலோரக் கதிரைதான் இப்போது இவருடைய நாடு. டொக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: மாரடைப்பு வந்தவர் இப்படியே உட்கார்ந்திருந்தால் அடுத்தது சீக்கிரம் வரும், தினமும் சமதரையில் நடக்க வேண்டும். இவரோ சாப்பிடக் குசினிக்கு வருவதற்கே சுவரைப் பிடிக்கிறார். நாற்பத்தொன்பது வயது. ஊரில் நீர்ப்பாசன இலாகாவில் இருந்தபோது குளக்கட்டுக் குளக்கட்டாக நடந்து திரிந்த மனுசன்!

“நடந்தால் திரும்ப வரும்” என்கிறார். என்ன வரும் என்று வாய் திறந்து சொல்லமாட்டார்.

இவர், இவர் என்றே எழுதுகிறேன். புருஷன் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்று அம்மா சொல்லி வளர்த்தது. இருபத்திரண்டு வருஷமாக வாயால் சொன்னதுமில்லை, கையால் எழுதினதுமில்லை. ஆஸ்பத்திரியில் பதிவு எழுதுகிற வெள்ளைக்காரப் பிள்ளை இவர் பெயரைக் கேட்டபோது பாஸ்போட்டை எடுத்து நீட்டினேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று நினைத்திருப்பாள். கொழும்பில் பன்னிரண்டு வருஷம் இங்கிலீஷ் படிப்பித்தவள் நான். விசர்க் கதைதான், எனக்கும் தெரியும். ஆனாலும் இந்த நேரம் பார்த்தா அதைச் சோதித்துப் பார்ப்பது?

9 மார்ச், செவ்வாய்

வாசல் கேற் வரை போனார். திரும்பி வந்தார். கதிரை.

14 மார்ச், ஞாயிறு

ரயில் ஸ்டேஷன் வரை போனோம்! பாதியில் ஒரு மதிலில் உட்கார்ந்து நாடி பிடித்துப் பார்த்தார். அதுவும் ஒரு நடைதானே.

இவர் முன்னால், நான் இரண்டு எட்டுப் பின்னால். கலியாணம் கட்டின நாளிலிருந்து இதே ஒழுங்கு. ‘முகத்தைக் கவனியுங்கள், வெளிறினால் நிறுத்துங்கள்’ என்று டொக்டர் சொன்னார். நான் எதைக் கவனிப்பது? சட்டையின் பின்கொலரைத்தான். மெல்லப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். “சனம் பாக்குது” என்றார். எந்தச் சனம்? தெருவில் ஒரு நாய் படுத்திருந்தது.

28 மார்ச், ஞாயிறு

பிளாக்டவுனிலிருந்து பவளம் ரெலிபோன் எடுத்தாள். கொழும்பில் என்னோடு படிப்பித்தவள். அவளும் மனுசன் மகாதேவனும் எங்களுக்கு முன்னமே இந்த வெள்ளைக்கார நாட்டுக்கு வந்துவிட்டார்கள். ஈஸ்டர் லீவுக்கு நீல மலைகளுக்கு அப்பால் போவோம் என்கிறாள். சுண்ணாம்புக்கல் குகைகள், பக்கத்தில் ஓர் ஏரி. இடத்தின் பெயரை மூன்று தரம் மூன்று விதமாகச் சொன்னாள்.

“ஏரியைச் சுத்தி ஒரு மைல்தான் அக்கா. ஏத்தம் இறக்கம் இல்லை. பிள்ளை வண்டிலே தள்ளிக்கொண்டு போகலாம். அண்ணையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

இவரிடம் சொன்னேன். “நான் வரேல்லை. நீர் போட்டு வாரும்.” பேப்பரைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டார்.

3 ஏப்ரல், சனி

திரும்பவும் கேட்டேன். “சாகப்போறவனுக்கு ஏரி என்ன, குகை என்ன” என்றார்.

கையிலிருந்த அகப்பையைத் தொட்டிக்குள் எறிந்தேன். “அப்ப நடந்துபோட்டுச் சாவுங்கோ” என்றும் சொல்லிப்போட்டேன். கடவுளே, என்ன வாய் இது. குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இவர் இல்லாமல் இந்த ஊரில் நான் எப்பிடி இருக்கிறது? ஆரோடை கதைக்கிறது? அதை ஒருக்காலாவது யோசிச்சாரா இந்த மனுசன்?

அழுது முடித்து வெளியே வந்தால் இவர் நிலத்தில் பேப்பரை விரித்து, தன் பழைய சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டுக்கொண்டிருக்கிறார். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

17 ஏப்ரல், சனி

பெயரைச் சொல்லிப்போட்டேன். கத்திச் சொன்னேன். நாளைக்கு எழுதுறன்.

18 ஏப்ரல், ஞாயிறு

ஒழுங்காக எழுத வேண்டும்.

மகாதேவனின் ஹோல்டன் காரில் விடியவே புறப்பட்டோம். முன்னால் ஆண்கள், பின்னால் நானும் பவளமும். மலை ஏறக் குளிர் காற்று. “இஞ்சாருங்கோ, கண்ணாடியை ஏத்துங்கோ” என்றாள் பவளம். நானும் அவளும் மனுசன்மாரைக் கூப்பிடுவது இந்த ஒரே சொல்லால்தான். இரண்டு ஆண்களும் ஒரே நேரத்தில் தங்கள் தங்கள் கண்ணாடியை ஏற்றினார்கள். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணால் தண்ணீர் வந்தது. இவரும் கொஞ்சம் சிரித்தார்.

அங்கே பெரிய சாம்பல் நிறப் பாறைகள், அடியில் ஏரி. தண்ணீரில் யாரோ நீலம் கரைத்துவிட்டது போல. நடைபாதை தொடங்குகிற இடத்தில் பெயர் எழுதிவிட்டுப் போக ஒரு கொப்பி வைத்திருந்தார்கள். இவர் தன் பெயரை எழுதி, பக்கத்தில் ‘மனைவி’ என்று இங்கிலீஷில் எழுதினார். அவ்வளவுதான் நான்.

நடக்க நடக்க இவருக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, பாறையைத் தட்டிப் பார்க்கிறார், தடவிப் பார்க்கிறார். “ஊரிலை எங்கடை வீட்டுக் கேத்திலுக்குள்ளை தண்ணி கொதிச்சு வெள்ளையாப் படியுமே, அதுதான் இந்த மலை முழுக்க” என்றார். ஒரு ஓடை பாறைக்குள் புகுந்து காணாமற் போகிறது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். “இவ்வளவு தண்ணியும் எங்கை போகுது?” இரண்டு மாதத்தில் இவர் கேட்ட முதல் கேள்வி. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அதற்குள் பவளத்துக்கு முழங்கால் நோவு, எங்களுக்குப் பின்னால் தூரத்தில் ஒரு வாங்கில் உட்கார்ந்துவிட்டாள். மகாதேவன் பிளாஸ்க் எடுக்கக் காருக்குப் போனார். “நீர் முன்னாலை போம், நான் இதைப் பாத்திட்டு வாறன்” என்றார் இவர்.

போனேன். வாழ்க்கையில் முதல் தரம் இவருக்கு முன்னால் நடந்தேன். பிழை அங்கேதான். எப்போதும் பின்னால் நடக்கிறவளுக்குத் திரும்பிப் பார்க்கிற பழக்கம் எங்கே இருக்கும்? ஏரியில் நீந்துகிற தாராக்களைப் பார்த்துக்கொண்டு கால் மணித்தியாலம் நடந்திருப்பேன். திரும்பினால் பாதையில் ஒருவருமில்லை.

ஓடினேன். ஓடை இருந்தது, இவர் இல்லை. “இஞ்சாருங்கோ!” “இஞ்சாருங்கோ! இஞ்சாருங்கோ!” பாறை என் குரலைத் திருப்பித் தந்தது, அதுவும் என் குரல் மாதிரி இல்லை. எங்கேயாவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறாரோ. நடந்துபோட்டுச் சாவுங்கோ எண்டு சொன்ன வாய் இதுதானே.

தடி ஊன்றிக்கொண்டு ஒரு வெள்ளைக்காரக் கிழவி வந்தாள். புருஷனைக் காணவில்லை என்றேன். “பெயரைச் சொல்லிக் கூப்பிடு. பெயர் என்ன? நானும் கூப்பிடுகிறேன்” என்றாள். அவளிடம் காட்டக் கையில் பாஸ்போட்டும் இல்லை. ஆயுள் குறையும். ஏற்கெனவே குறைந்த ஆயுள். நான் சொல்லி, அதாலேயே போய்விட்டால்? சொல்லாமல் இருந்து போய்விட்டால்?

குறையிறது என்ரை ஆயுளிலை குறையட்டும் பிள்ளையாரே என்று சொல்லிக்கொண்டு, இவர் பெயரைச் சொல்லிக் கத்தினேன். முழுப் பெயரையும். பாறை அதைத் தூக்கி அந்தப் பக்கம் எறிந்தது, அங்கிருந்து இந்தப் பக்கம் வந்தது. அந்தப் பள்ளத்தாக்கு முழுக்க இவர் பெயர்.

“ஓம்!” கீழேயிருந்து. மெல்லிய குரல். “ஓம், இஞ்சை நிக்கிறன்!”

ஓடை பாறைக்குள் புகுகிற இடத்தில், கீழே, ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்க இறங்கி, கால் சறுக்கிச் சுளுக்கியிருக்கிறது. நானும் கிழவியுமாக மேலே ஏற்றினோம்.

“நான் கூப்பிட்டது கேக்கேல்லையோ?”

“கேட்டது. பவளம் மகாதேவனைத் தேத்தண்ணிக்குக் கூப்பிடுறா எண்டு இருந்திட்டன்.”

அட கடவுளே! அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது. கிழவி இருந்தபடியால் இரண்டும் செய்யவில்லை.

“பேர் சொல்லி ஒரு பொம்பிளைக் குரல் கேட்டவுடனை, அம்மா எண்டு நினைச்சன்” என்றார். இவருடைய அம்மா செத்துப் பதினொரு வருஷம். “சரி, நான் போய்ச் சேந்திட்டன், அம்மா வந்து கூப்பிடுறா எண்டு நினைச்சன். பிறகு பாத்தா கால் நோகுது.”

பிறகு நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். “விழேக்கை நெஞ்சு நல்லா இடிச்சுது. ஆனா நிக்கேல்லை, என்ன?” சின்னப் பிள்ளை போலக் கேட்டார். நிக்கேல்லை, நிக்கேல்லை என்று சொல்லிச் சொல்லி நான் அழுதேன். பவளம் இருந்த வாங்கு வரைக்கும் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பக்கத்தில். சனம் நிறையப் பார்த்தது.

21 ஏப்ரல், புதன்

டொக்டர் பார்த்தார். நெஞ்சு நன்றாக இருக்கிறது, கால்தான் வீக்கம். மூன்று கிழமை நடக்கக் கூடாதாம். இவர் டொக்டரோடு சண்டை பிடிக்கிறார்: “அவ்வளவு நாள் எப்பிடி நடக்காமல் இருக்கிறது?”

16 மே, ஞாயிறு

ஸ்டேஷன் வரை போய், அதைத் தாண்டியும் போனோம். முகம் வெளிறவில்லை. பக்கத்தில் நடந்தபடியால் இன்று எனக்குத் தெரிந்தது.

30 மே, ஞாயிறு

மகாதேவனைக் கேட்டுத் திரும்பவும் ஏரிக்குப் போனோம். நல்ல குளிர். பவளமும் மகாதேவனும் குகை பார்க்கப் போய்விட்டார்கள், நாங்கள் இருவரும்தான் நடந்தோம். கொப்பியில் இந்த முறை பேனையை நான் வாங்கிக்கொண்டேன். இவர் பெயரை எழுதினேன். கீழே ‘சத்தியபாமா’ என்று என் பெயரை எழுதினேன். கையெழுத்து இரண்டாவது பெயரில்தான் கொஞ்சம் கோணல்.

வீட்டில் இன்னும் ‘இஞ்சாருங்கோ’தான். வாய்க்குப் பழக வேண்டாமா?

முழுச் சுற்றும் சுற்றினோம், ஒரு மைல். ஓடைக்கிட்ட நான் சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்து நிமிர்ந்தால் ஆளைக் காணவில்லை. பார்த்தால் பாறைக்குப் பின்னால் பொலிஷ் போட்ட சப்பாத்து முனை தெரிகிறது. “இஞ்சாருங்கோ” என்றேன். “இஞ்சாருங்கோ, குளிருது, வாங்கோ.” சப்பாத்து அசையவில்லை. ஐம்பது வயதாகப்போகிறது, விளையாட்டைப் பாருங்கள்!

சுற்றிவர ஒருவருமில்லை. இருந்தாலும்தான் என்ன.

“விக்னராஜா!” என்று கூப்பிட்டேன்.

“ஓம், வாறன்” என்று விக்னராஜா வந்தார்.