அட்டையின் தலையில் இருந்தது

உ

இன்று பிற்பகல் பல்கலைக்கழக நிலவறையில் உன் பெட்டியைத் திறந்தேன். மூடியைத் தூக்கியதும் வௌவால் எச்சமும் பழைய சாம்பலும் கலந்த குகை மண்ணின் மணம் வந்தது. முதல் நாள் நீ மூக்கைச் சுளித்து, "எடியே, உதுக்குள்ளையோ இருந்து சமைச்சுத் திண்டவை?" என்று கேட்டாய். "ஓம் கா" என்றேன். என் மட்டக்களப்புப் பேச்சில் ஆளை விளிக்கும் 'கா'வை ஒருமுறை பழித்துக் காட்டிவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டாய். நீ போய் ஒரு வருடமாகிறது. அதற்குப் பிறகு அந்தப் பெட்டியை ஒருவரும் தொடவில்லை.

தொண்ணூற்று நாலில், இலங்கையின் மழைக்காட்டுக் குகையொன்றில் தோண்டி எடுத்தவை ஆராய்ச்சிக்காக ரொறன்ரோவுக்கு இரவலாக வந்தன. நத்தை ஓடுகளைப் படித்துப் பட்டம் எடுக்க வந்தவள் நான். எலும்பையும் கல்லையும் பிரித்துக் கழுவ ஓர் ஆள் தேவைப்பட்டது. வோபர்ன் பகுதியில் எனக்குப் பக்கத்து அப்பார்ட்மென்டில் இருந்த உன்னைத் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். கிழமை முழுக்கப் பிறம்ரன் நகரத்து வெயர்ஹவுஸில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறவள், சனிக்கிழமையும் அதே வேலைக்கு வருவாளா?

"லேபிள் எண்டால் என்னட்டை விடு. நான் ஒட்டின சாமான் மாறிப் போனதெண்டு இதுவரைக்கும் ஒருத்தரும் சொல்லேல்லை" என்றாய்.

அது வெறும் வாய்ப்பேச்சு அல்ல. துணிப்பைகளில் கட்டியிருந்த பழைய துண்டுகள் மங்கிப் போயிருந்தன. நீ கண்ணாடி வில்லையைப் பிடித்து ஒவ்வொன்றாக வாசித்து, புதிய அட்டைகளில் எழுதி, பைக்குள் வைத்தாய். எழுதுவதற்கு முன் இரண்டு தரம் பார்ப்பாய். பைகளில் குரங்கெலும்புதான் அதிகம். நீயோ சுத்த சைவம். "ஆஞ்சநேயர் கோவிக்கப் போறார். முதல்ல பிள்ளையாரைப் பிடிப்பம்" என்று சிரித்தபடி பேனாவை எடுத்தாய். நான் அதைப் பகிடி என்றே எடுத்துக்கொண்டேன்.

மழைக்காட்டுக்குள் ஆதிமனிதர் பிழைத்திருக்க முடியாது, அங்கே போதிய உணவில்லை என்று பலர் எழுதிவைத்திருப்பதைச் சொன்னேன். உனக்குக் கோபமே வந்துவிட்டது. "ஆர் சொன்னது? குரங்கு கிடக்கு, நத்தை கிடக்கு, கொட்டை கிடக்கு. போன இடத்தில கிடைக்கிறதைச் சமைக்கப் பழகிறதுதானே? முதல் வின்ரருக்கு நாங்கள் புரொக்கொலியில வறை வறுக்கேல்லையே?" அந்த வாதத்தை நான் எந்தக் கட்டுரையிலும் எழுதத் துணியவில்லை. ஆனால் அதைவிட நல்ல வாதத்தை நான் இன்னும் கேட்டதில்லை.

அந்தக் குகையில் ஏழாம் மண் அடுக்குத்தான் எங்கள் இருவருக்கும் உயிர். மேலிருந்து எண்ணிக்கொண்டு இறங்கினால் ஆழத்தில் கிடப்பது அது. நகத்தளவு படிகக்கல் கருவிகளும் சுட்ட குரங்கெலும்பும் அதில் ஒன்றாக இருந்தன. அவை ஏழாம் அடுக்குக்கு உரியவை என்றால், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே மனிதர் அந்தக் காட்டுக்குள் கெட்டித்தனமாக வாழ்ந்திருக்கிறார்கள்.

பிறகு கணினியில் ஏற்றிய பட்டியல் வந்தது. நீ எழுதிய பைகள் எல்லாமே இரண்டாம் அடுக்கு என்று இருந்தன. இரண்டு என்றால் மேல்மண், நேற்றுப்போன ஆட்களின் குப்பை. அட்டை எழுதியவர் குழப்பிவிட்டார், இந்தக் குகையை அறிக்கையில் சேர்க்க முடியாது என்று ஆராய்ச்சியை நடத்திய என் பேராசிரியர் சொல்லிவிட்டார்.

"நான் ஏழெண்டு பாத்துத்தான் எழுதினனான். போய்ப் பாருங்கோ" என்று நீ பேராசிரியரின் முகத்துக்கு நேரே தமிழில் சொன்னாய். மொழிபெயர்த்தவள் நான். பட்டியலைத் தட்டச்சு செய்தவர் நிலவறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அட்டையின் முதல் வரியில் இரண்டு என்றுதான் இருக்கிறதாம். நான் இறங்கிப் போய்ப் பார்க்கவில்லை. "களைப்பில மாறியிருக்கும், பரவாயில்ல கா" என்றேன்.

"பரவாயில்லையோ?" என்று கேட்டாய். அடுத்த சனிக்கிழமை நீ வரவில்லை.

லிஃப்டில் சந்தித்தபோதெல்லாம் கறிவேப்பிலை எங்கே மலிவு என்று பேசினோம். கடைசியாக ஆஸ்பத்திரியில், பேசவே மூச்சு வாங்கியபோது, "பெட்டியைத் திறந்து பாத்தனியே?" என்றாய். "பார்க்கிறன்" என்றேன். வெட்கமாக இருக்கிறது. நீ போன பிறகும் எனக்குத் துணிவு வரவில்லை. அடுத்த மாதம் பெட்டி இலங்கைக்குத் திரும்பிப் போகிறது என்று கேள்விப்பட்ட பிறகுதான் இன்று இறங்கினேன்.

முதல் அட்டையை எடுத்தேன். உன் உருண்டைக் கையெழுத்து. ஏழு. அடுத்த அட்டை, அதுவும் ஏழு. இரண்டு எங்கே என்று தேடினேன். நெடுநேரம் தேடினேன். அது என் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. ஒவ்வொரு அட்டையின் தலையிலும் ஒரு சுழி, அதன் அடியில் நீட்டிய கோடு. பிறந்த நாளிலிருந்து பார்த்துப் பழகிய பிள்ளையார் சுழியை என் கண் ஓர் எழுத்தாகவே எடுக்கவில்லை. அதை அறியாதவர் கண்ணுக்கு அது இரண்டு. அடியில் இருந்த ஏழு, பெட்டியின் இலக்கமாகிவிட்டது. நிலவறைத் தரையில் இருந்து சிரித்தேன். பிறகு அழுதேன்.

அட்டைகளை மேலே கொண்டுபோய்ப் பேராசிரியரின் மேசையில் பரப்பினேன். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில் காலம் போதாது, அறிக்கை முடிகிற நேரம் என்றார். எல்லாப் பைகளையும் நானே திரும்பப் பதிகிறேன், அது முடியும்வரை பெட்டி இந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போகாது என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. சரி, ஆனால் இந்தக் குறி இல்லாத புது அட்டைகளாக எழுதிவிடு என்றார். மாட்டேன் என்றேன். உன் அட்டைகள் அப்படியே போகும். பட்டியலின் முதற் பக்கத்தில் அந்தக் குறி என்னவென்ற விளக்கமும், அட்டைகளை எழுதியவள் என்று உன் பெயரும் இருக்கும். அவர் தலையசைத்தார்.

பள்ளிக்கூடச் சோதனைத் தாளில்கூடச் சுழி போடாதவள் நான், உனக்குத் தெரியும். இன்று புதிய பட்டியலின் தலையில் போட்டேன், இந்தக் கடிதத்திலும் போட்டிருக்கிறேன். இனி எதை எழுதத் தொடங்கினாலும் போடுவேன், யார் அதை எப்படி வாசித்தாலும் பக்கத்தில் நின்று விளங்கப்படுத்துவேன். ஆஸ்பத்திரியில் நீ கேட்டதற்கு இப்போதுதான் பதில் சொல்ல முடிகிறது.

திறந்து பார்த்தேன் கா. ஏழுதான்.