வலப்பக்கம் இழுக்கும் வண்டி

ஜூன் 8, ஞாயிறு

இன்றும் இழுத்தது.

டவுன்ஷிப்புக்குள் ஒரு தொந்தரவும் இல்லை. நாற்பதில் போகும்வரை கார் பசு மாதிரி இருக்கிறது. ஆர்ச் கேட்டைத் தாண்டி, ரோடு காலியாக இருக்கிறதே என்று இரண்டாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தேனோ இல்லையோ, ஸ்டியரிங் என் கையைப் பிடுங்கிக்கொண்டு வலப்பக்கம் ஓடுகிறது. காலை எடுத்தால் ஒரு வெட்டு வெட்டி இடப்பக்கம் திரும்புகிறது. மிதிக்காமல் போனால் நேராகத்தான் போகிறது.

நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பிரிவில் இருபத்தெட்டு வருஷம். நடுவில் ஓட வேண்டிய பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்கினால், ஏன் ஒதுங்குகிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. அப்பேர்ப்பட்ட பிரபாவதி மேடத்தின் சொந்தக் கார் ஒதுங்கி ஓடுகிறது. வெளியே தெரிந்தால் செக்‌ஷனில் டீ குடிக்கும்போது ஒரு வாரத்துக்குப் பேச விஷயம் ஆயிற்று.

வீட்டில் அவரிடம் சொன்னேன். சாவியை எடுத்துக்கொண்டு போய் பிளாக்கை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். "நல்லாத்தான இருக்கு பிரபா?" என் கணவர் குஞ்சிதபாதம் கணக்கு வாத்தியாராக இருந்து போன வருஷம் ரிட்டயர் ஆனவர். எந்த வண்டியையும் முப்பத்தைந்துக்கு மேல் ஓட்டியது கிடையாது. அவரிடம் இந்தக் கார் வாலாட்டவே ஆட்டாது.

ஜூன் 11, புதன்

மந்தாரக்குப்பத்தில் ஜெயப்பிரகாஷ் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். காற்று பார்த்தார், சக்கரத்தை ஆட்டிப் பார்த்தார், டீ வாங்கிக் கொடுத்தார்.

"ஸ்டியரிங்க கொஞ்சம் இறுக்கிப் புடிங்க மேடம். லேடீஸ் கைக்கு லேசா ஆடற மாதிரிதான் தெரியும்."

எத்தனை கோபம் வந்தது எனக்கு! வீட்டுக்கு வந்து தண்ணீர் கேனை ஒரே கையால் தூக்கிப் பார்த்தேன். தூக்க முடிந்தது. இப்போது தோளில் தைலம்.

ஜூன் 15, ஞாயிறு

கடலூரில் வீல் அலைன்மென்ட். கம்ப்யூட்டர் திரையில் எல்லாமே பச்சை. திரும்பி வரும்போது மிதித்தேன். அதே வலப்பக்கம்.

சரி, டயரோ? முன் டயர் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் போடச் சொன்னேன். டயரில் கோளாறு என்றால் இழுப்பும் பக்கம் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. ஜெயப்பிரகாஷைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காலி ரோட்டில் ஒரு மிதி மிதித்தேன். மனிதர் டேஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஆமாங்க மேடம். இழுக்குது." பிடியை விட்டுவிட்டு, "வண்டில டியூனிங் கீனிங் எதாவது பண்ணீங்களா?"

பண்ணியிருக்கிறேன். மார்ச் மாதம் புதுச்சேரியில் ஒருவர் லேப்டாப்பைச் செருகி, ஏற்கெனவே துள்ளும் டர்போ எஞ்சினுக்கு இன்னும் கொஞ்சம் சக்தி ஏற்றிக் கொடுத்தார். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, மாடிப்படி ஏறினால் முட்டி சத்தம் போடுகிறது. காருக்காவது இருக்கட்டுமே என்று.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்று ஜெயப்பிரகாஷிடம் பத்து நிமிஷம் வாதாடினேன். அவர் தலையாட்டினார். நம்பித் தலையாட்டியவர் மாதிரி தெரியவில்லை.

ஜூன் 18, புதன்

எழுத்து கோணல் மாணலாக வருகிறது.

வடலூரிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தேன். முன்னால் ஒரு ட்ரெய்லர் ஊர்ந்துகொண்டிருந்தது. எதிரே தூரத்தில் ஒரே ஒரு ஸ்கூட்டர், அதுவும் ரோட்டோரமாக. இடம் இருக்கிறது என்று கணக்குப் போட்டேன். இரண்டாவது கியருக்கு இறக்கி முழுக்க மிதித்தேன் — கார் ட்ரெய்லரைத் தாண்டுவதற்கு முன்னால் அந்த ஸ்கூட்டரைத் தேடிக்கொண்டு போனது. இழுத்துப் பிடித்தேன். பிடித்தேன்தான். ஆனால் அதற்குள் அந்தப் பெண் பயந்துபோய் ஜல்லியில் இறங்கி விழுந்துவிட்டாள்.

இழுக்கும்னு தெரியும். பத்து நாளா தெரியும். தெரிஞ்சுகிட்டே எதுக்குடி மிதிச்ச?

ஓடிப்போய்த் தூக்கினேன். பெயர் பொற்கொடி. முப்பது வயதிருக்கும். வடலூரில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். டவுன்ஷிப்பில் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு மருதாணி போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாளாம். அவள் என்னைத் திட்டவில்லை. இடது கையை வலது கையால் தாங்கிக்கொண்டு கேட்டாள்:

"என்னாத்துக்குங்க என் மேல ஏத்த வந்தீங்க? நான் உங்கள என்னா பண்ணேன்?"

ஆஸ்பத்திரிக்குக் காரில் ஏறச் சொன்னேன். காரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஷேர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டாள். நான் பின்னாலேயே போனேன். மணிக்கட்டில் விரிசல். மாவுக்கட்டு.

ஜூன் 19, வியாழன்

செக்‌ஷனில் அருண்ராஜ் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னான்: "ஸ்கூட்டர் ராங் சைடுல வந்துச்சுன்னு சொல்லிருங்க மேடம். யார் பாத்தா?"

நான் பார்த்தேனே.

சாயங்காலம் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஃபேனைப் பார்த்துக்கொண்டே, "எதுக்கு பிரபா உனக்கு இவ்ளோ வேகம்? எங்க போய்ச் சேரணும்?" என்றார்.

போய்ச் சேர ஓர் இடமும் இல்லை என்பது உண்மை. முழுக்க மிதிக்கும் அந்த நாலைந்து விநாடியில் பெல்ட் நின்றுபோச்சு மேடம் என்று யாரும் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டாலும் காதில் விழாது. அதற்காகத்தானோ என்னவோ. அதற்காக ஒருத்தி மணிக்கட்டில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருக்கிறாள்.

ஜூன் 22, ஞாயிறு

பார்லருக்கு அவரும் நானும் போனோம். பஸ்ஸில்.

பாதி ஷட்டர் திறந்திருந்தது. பொற்கொடி உள்ளே சும்மா உட்கார்ந்திருந்தாள். புருவம் திருத்த நூல் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள். தப்பு என் மேல்தான், வைத்தியச் செலவும் கடைக்கான நஷ்டமும் எங்கள் பொறுப்பு, போலீஸுக்குப் போவதானாலும் நானே வந்து சொல்கிறேன் என்றேன். வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்தது.

"போலீசுல போயி நின்னுகினு இருக்க எனக்கு ஏதுங்க நேரம்? செலவ குடுங்க, வாங்கிக்கறேன். வாணான்னு சொல்லல." அப்புறம் என் முகத்தையே உற்றுப் பார்த்தாள். ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறாள் என்று தயாரானேன். "புருவத்த யாருங்க இப்பிடி பண்ணி வுட்டது?"

கண்ணாடியைப் பார்த்து நானேதான் செய்துகொண்டேன் என்று சொல்ல வேண்டியதாயிற்று. அன்றைக்கு நான் ஒப்புக்கொண்டதில் அதுதான் அதிக வெட்கம்.

ஸ்கூட்டர் ஓட்ட முடியாததால் குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்திலிருக்கும் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாளாம். தினமும் காரில் கொண்டுவந்து விடுகிறேன் என்றேன்.

"அந்த வண்டிலயா? அய்யய்ய, வாணாங்க."

"நான் ஓட்டினா வருவியாம்மா?" என்று அவர் கேட்டார். அவரை மேலும் கீழும் பார்த்தாள். "சார் ஓட்டுனா வரேன்."

அதாவது, காரில் கோளாறு இல்லை.

ஜூன் 29, ஞாயிறு

ஒரு வாரமாக அவர் தினமும் பொற்கொடியை அழைத்துக்கொண்டு போகிறார். ஐம்பதாயிரம் கேள்வி கேட்கிறாளாம், இவரும் பதில் சொல்கிறாராம். என்னிடம் பேச இத்தனை விஷயம் இருந்ததில்லை இவரிடம்.

இன்று காலை ஒன்று தோன்றியது. சுமையோடு பெல்ட்டைக் கிளப்பும்போது, ஃப்ரேமின் போல்ட் தளர்ந்திருந்தால் ஃப்ரேமே முறுக்கிக்கொள்ளும். நின்ற நிலையில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கார் எஞ்சினை நான் இதுவரை நின்ற நிலையில்தானே பார்த்திருக்கிறேன்?

வாசலில் பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு ஓரமாக நின்றுகொண்டேன். அவரை உள்ளே உட்கார வைத்தேன். ஹேண்ட் பிரேக், கால் பிரேக் இரண்டையும் பிடித்துக்கொண்டு, முதல் கியர் போட்டு, கிளட்ச்சைக் கொஞ்சமாக விட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

"வண்டி பாஞ்சிட்டா?"

"பாயாதுங்க. பிரேக்க விடாதீங்க."

"நீ ஏன் அவ்ளோ தள்ளி நிக்கற அப்ப?"

மூன்று தடவை எஞ்சினை அணைத்தார். எதிர் வீட்டுக்காரர்கள் வெளியே வந்து நின்றார்கள். நாலாவது தடவை கிளட்ச் பிடித்தது. எஞ்சினின் வலப்பக்கம், தூக்கம் கலைந்த எருமை மாதிரி, ஒரு கையளவு எழும்பி விழுந்தது. எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுன்ட் செத்துப்போயிருக்கிறது.

வாசலிலேயே கைதட்டினேன். எதிர் வீட்டுக்காரர்கள் உள்ளே போய்விட்டார்கள்.

ஜூலை 2, புதன்

லீவு போட்டுவிட்டு ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்திருந்தேன். மவுன்ட்டைக் கழற்றிக் காட்டினார் ஜெயப்பிரகாஷ். நடுவில் கிழிந்து உள்ளிருந்த எண்ணெய் வடிந்திருந்தது. வலச் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ் ஆர்மின் ரப்பர் புஷ்ஷும் வெடித்திருந்தது. இரண்டையும் மாற்றினார்.

"கை மேல சந்தேகப்பட்டேன், மனசுல வச்சுக்காதீங்க மேடம்." பிறகு மெதுவாக, "ஆனா அந்த லேப்டாப் வேலைய எடுத்துருங்க. அந்த இழுப்புதான் மவுன்ட்டையும் தின்னுருக்கு."

இந்த முறை வாதாடவில்லை. எனக்கே தெரியும். இந்தக் காரில் கியர்பாக்ஸ் இடப்பக்கம் இருக்கிறது. அதனால் இடச் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட் குட்டை, வலச் சக்கரத்துக்குப் போவது நெட்டை. சாதாரணமாக மிதித்தால் இரண்டும் அனுசரித்துக்கொண்டு போகும். ஒரேயடியாக முறுக்கினால் இரண்டும் ஒரே மாதிரி தள்ளாது, ஸ்டியரிங் இழுக்கும். எஞ்சின் வேறு எழும்பிச் சாய்ந்தால் கேட்கவே வேண்டாம். இது மார்ச் மாதமே எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். தெரிந்தும் இருந்தது. காற்று, அலைன்மென்ட், டயர் என்று ஊரெல்லாம் தேடினேன், நான் செய்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு.

ஜூலை 5, சனி

புதுச்சேரிக்குப் போய்ப் பழையபடி மாற்றிக்கொண்டு வந்தேன். "நல்லாத்தான போய்ட்டிருந்துது, ஏன் மேடம்?" என்று லேப்டாப்காரர் வருத்தப்பட்டார். நல்லாத்தான் போயிற்று, கொஞ்சம் வலப்பக்கமாக.

வரும் வழியில் ஆளில்லாத இடத்தில் மிதித்துப் பார்த்தேன். முக்கால்வாசி இழுப்பு போய்விட்டது. மிச்சம் இருப்பது இந்தக் காரின் பிறவிக் குணம். ஷாஃப்ட்டை வெட்டி ஒட்ட முடியாது. என் காலைத்தான் மாற்ற வேண்டும். உதிரி பாகம் எங்கும் கிடைக்காது.

ஜூலை 12, சனி

முதல் கியர், இரண்டாவது கியரில் பாதிக்கு மேல் மிதிப்பதில்லை என்று பழகுகிறேன். இன்று ஒரு டிராக்டர் என்னை முந்திக்கொண்டு போனது. ஓட்டியவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

ஜூலை 17, வியாழன்

பொற்கொடி அவருக்கு ஃபேஷியல் செய்துவிடுகிறேன் என்றாளாம். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். கண்ணாடி முன்னால் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

ஜூலை 26, சனி

பொற்கொடிக்குக் கட்டுப் பிரித்தாகிவிட்டது. ஸ்கூட்டர் மட்டும் இன்னும் கொஞ்ச நாள் வேண்டாமாம். அவரோ கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு கன்னம் வீங்கிப் படுத்திருக்கிறார். ஆகவே இன்று அவள் வீட்டு முன்னால் காரை நிறுத்தியது நான்.

வெளியே வந்தவள் என்னைப் பார்த்ததும் நின்றாள்.

"சார் வரலிங்களா?"

பல் விஷயத்தைச் சொன்னேன். பஸ்ஸில் போவதானால் ஸ்டாப் வரைக்கும் கூட நடந்து வருகிறேன் என்றும் சொன்னேன்.

"எல்லாத்தையும் மாத்திட்டீங்கன்னு சார் சொன்னாரு."

"மாத்தியாச்சு."

கொஞ்சம் யோசித்தாள். முன் சீட்டில் ஏறி பெல்ட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, கதவுக்கு மேலிருக்கும் கைப்பிடியை, கட்டுப் பிரித்த அதே கையால், பிடித்துக்கொண்டாள். "நேத்து ஆடி வெள்ளிக்கா. கூழு ஊத்திட்டு கோயில்லருந்து வரவே லேட்டாயிடுச்சி. பாத்து போங்க."

அக்கா என்றாள். காரைக் கிளப்பினேன்.

அவள் பயம் தெளியட்டும் என்று நடந்ததையெல்லாம் விளக்க ஆரம்பித்தேன். இடப்பக்க ஷாஃப்ட் ஏன் குட்டை, வலப்பக்கம் ஏன் நெட்டை, மவுன்ட் என்றால் என்ன, புஷ் என்றால் என்ன. முதலில் "ம்" என்றாள். அப்புறம் அந்த "ம்" குறைந்தது. நான் நிறுத்தவில்லை, புஷ்ஷில் இருந்தேன்.

வடலூருக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு செங்கல் லாரி. எதிரே கண்ணுக்கெட்டின தூரம் வரை யாரும் இல்லை. ஒருமுறைக்கு இரண்டு முறை பார்த்தேன். மூன்றாவது கியர். காலை மெதுவாக இறக்கினேன். உள்ளங்கையில் ஸ்டியரிங் லேசாகத் துடித்தது, அவ்வளவுதான். கார் நேராகப் போய் லாரியைத் தாண்டித் தன் பக்கத்துக்கு வந்துவிட்டது.

"பாத்தியா பொற்கொடி? நேராப் போச்சு பாத்தியா?"

பதில் இல்லை. திரும்பிப் பார்த்தேன். தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. கைப்பிடியை எப்போது விட்டாளோ, கை மடியில் மல்லாந்து கிடந்தது.

பார்லர் முன்னால் காரை நிறுத்தினேன். ஷட்டர் பக்கத்தில் ஒரு அம்மா காத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை இறக்கி, கொஞ்சம் பொறுங்க என்று கையைக் காட்டினேன். எஞ்சினை அணைத்தால் விழித்துவிடுவாளோ என்று அணைக்காமலே உட்கார்ந்திருந்தேன்.