பக்கம் 41-இல் மூடப்பட்ட கிணறு

அனுப்புநர்:
கீழத்தெருக் கடைசி வீட்டில் வசிப்பவர்,
பதினான்கு மாதப் பெண் குழந்தையின் தாய்.

பெறுநர்:
பகுதி அலுவலர் அவர்கள்,
நகராட்சிப் பகுதி அலுவலகம்
(பழைய ஊராட்சி அலுவலகக் கட்டடம்).

பொருள்: கலைக்கப்பட்ட ஊராட்சியின் வரலாற்று நூலில் மட்டும் மூடப்பட்டுள்ள கிணற்றைத் தரையிலும் மூடித்தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஊராட்சி நகராட்சியோடு இணைந்தபோது, அதன் கடைசித் தலைவர் நாற்பதாண்டு வரலாற்றை வழவழப்பான தாளில் அச்சிட்டு வீடுதோறும் வழங்கினார். பாழடைந்த ஆறு பொதுக்கிணறுகளை சிமென்ட் ஸ்லாப் போட்டு மூடியதே அதில் தலையாய சாதனை. ஐந்து கிணறுகள் குப்பையால் தாமாகவே தூர்ந்துவிட்டன. ஊராட்சி செய்யாததை ஊர்க் குப்பை செய்தது. ஆறாவது, எங்கள் வாசலிலிருந்து இருபது அடியில், சுற்றுச்சுவர்கூட இல்லாமல் வாயைப் பிளந்து கிடக்கிறது. என் மகள் சென்ற மாதம் நடக்கத் தொடங்கினாள்.

2. மூன்று முறை மனு கொடுத்தேன். தங்கள் எழுத்தர் நூலைப் புரட்டிவிட்டு, "மூடுன கெணத்த மறுபடி எப்படிம்மா மூடறது? படிச்சவங்கதானே நீங்க?" என்றார். படித்தவள்தான். ஆகவே வீட்டுக்கு வந்து பக்கம் 41-ஐப் படித்தேன்.

3. ஆறு கிணறு, ஆறு புகைப்படம். ஆறிலும் ஸ்லாப்பின் இடது மூலை உடைந்திருக்கிறது. ஆறிலும் ஒரே இடத்தில் நாயின் கால்தடம். ஒரே நாய் ஆறு ஈர சிமென்ட்டிலும் அளந்து மிதித்ததென்று நம்பத் தங்கள் அலுவலகம் தயாராக இருக்கலாம், நான் இல்லை. அந்த ஸ்லாப்பைச் சுமந்தவர்களில் ஒருவரான பக்கத்து வீட்டுக் கொத்தனாரைக் கேட்டேன். "படம் புடிச்சதும் அடுத்த கெணத்துக்குத் தூக்குன்னாங்க தங்கச்சி. இடுப்பே போச்சு" என்றார். அந்த ஊராட்சியில் இடுப்பொடிய உழைத்தவர் ஒருவராவது இருந்தாரே!

4. அந்த ஸ்லாப்பைத் தேடித் தாங்கள் அலைய வேண்டாம். தங்கள் அலுவலக வாசற்படியைக் குனிந்து பார்த்தால் போதும். உடைந்த மூலையும் இருக்கும், நாயின் காலும் இருக்கும். என் மூன்று மனுக்களும் அதை மிதித்துத்தான் உள்ளே வந்தன.

5. குழந்தையின் இடுப்பில் துணியைக் கட்டி, மறுமுனையைக் கட்டில் காலில் முடிந்துவிட்டு இதை எழுதுகிறேன். நேற்று ஒரு முடிச்சை அவிழ்த்துவிட்டாள். தங்கள் அலுவலகத்தைவிட அவள் கை வேகமானது. என் பயமெல்லாம் அதுதான்.

எனவே, அந்தப் படியைப் பெயர்த்துக் கிணற்றின்மேல் போட்டுத் தரும்படி வேண்டுகிறேன். விரும்பினால் அருகில் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்ளலாம். எடுத்தபின் ஸ்லாப்பை மட்டும் விட்டுச் செல்லவும்.

நாள்: 14.09.2023
இடம்: கிணற்றிலிருந்து இருபது அடி

(கையொப்பம்)
கடைசி வீட்டுக்காரி

இணைப்பு: பக்கம் 41-இன் நகல். நாயின் கால்தடம் ஆறு இடங்களில் வட்டமிடப்பட்டுள்ளது.