மாடியில் நின்ற ஆன்டெனா

ஜூலை 14, திங்கள்

உறுதியான தகவல்: எங்கள் தெருவின் 'எண்பதுகளில் ஒரு நாள்' விழா ஆகஸ்ட் 2, சனிக்கிழமை. சொன்னவர் விழாக் குழுச் செயலாளர் சண்முகசுந்தரி, ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியை. குற்றாலத்தில் மண்டபம் பார்த்தார்கள். சீசன் நேரத்தில் எவன் தருவான்? ஆகவே தென்காசியில், தெருவிலேயே. வாடகை சைக்கிள், பம்ப் ஸ்டவ், கல்யாண கேசட் எல்லாம் வருகின்றன. செல்போன் மட்டும் அன்று கூடாது. "யார் கையிலயாவது பாத்தேன், விசில்தான்" என்றார். விசிலைக் காட்டவும் செய்தார்.

மாலையில் குழல்வாய்மொழி வீட்டில் தெருவே கூடி டிவி பார்க்க வேண்டும். தெருவுக்கு முதலில் வந்த டிவி அது; கதவு வைத்த மரப்பெட்டி. அதன் ஆன்டெனா, பக்கத்து வீட்டில் அவள் அண்ணன் பலவேசத்தின் பரணில் கிடக்கிறது. அண்ணனும் தங்கையும் பேசி முப்பத்தொன்பது வருடம் ஆகிறது. வாங்கி வரும் பொறுப்பு என் தலையில்.

"ஊர்ல எல்லார்ட்டயும் பேட்டி வாங்குதீங்க சிவசைலம் அண்ணாச்சி, ஒரு ஆன்டெனா வாங்க முடியாதா?" என்றார் சண்முகசுந்தரி.

ஜூலை 17, வியாழன்

மலையில் நல்ல மழை. அருவிகளில் குளிக்கத் தடை. பத்திரிகைக்குப் பத்து வரி அனுப்பினேன். நாலு வரி வந்தது.

ஜூலை 20, ஞாயிறு

சண்டையின் வரலாறு. எண்பத்தாறில் ஒரு ஆடி மாதம், இலங்கை ஒளிபரப்பில் தமிழ்ப் படம். சாரல் காற்றில் ஆன்டெனா சுற்றிக்கொண்டே இருந்ததால் பலவேசம் தன் வீட்டு மாடியில் நின்று கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். கீழே தெருவே படம் பார்த்தது. முடிந்ததும் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மேலே ஓர் ஆள் நனைந்துகொண்டு நிற்பது யாருக்கும் நினைவில்லை. தங்கை வீட்டில் விளக்கு அணைந்த பிறகுதான் இறங்கியிருக்கிறார். ஆன்டெனாவைப் பிடுங்கினார்; அதோடு பேச்சும் நின்றது.

இன்று குழல்வாய்மொழி: "நான் தொண்டை கிழியக் கூப்பிட்டேன். காத்துல கேக்கல. அதுக்கு நான் என்ன செய்ய?"

அடுத்த மாதம் 10ஆம் தேதி மகன் அவளைச் சென்னைக்கே கூட்டிப் போகிறான்.

"இனி வருசத்துக்கு ஒரு தடவை வந்தா உண்டு. அதுக்கு முன்னால அண்ணன் என்னை, சின்ன வயசுல மாதிரி, ஏட்டின்னு ஒரு தடவை கூப்பிட்டுட்டாப் போதும்."

"நீங்களே முதல்ல பேசலாமே?"

"நான் எதுக்குப் பேசணும்? நான்தான் அன்னைக்கே கூப்பிட்டனே!"

ஜூலை 21, திங்கள்

எதிர்த்தரப்பு. பலவேசம்: "கூப்பிடவே இல்ல. சாப்பிடப் போயிட்டா. நான் என்ன கொடிமரமாவே?"

பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தப் படத்தோட முடிவு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அவன் அவளைக் கட்டுனானா இல்லையா?" என்றார்.

செல்போனில் தேடினால் கிடைக்கும் என்றேன். "நான் எதுக்குத் தேடணும்? பாத்தவ சொல்லணும்."

இரண்டு கூற்றுக்கும் சாட்சி இல்லை. நான் அப்போது புளியங்குடியில் இருந்தேன்.

ஆன்டெனாவுக்குச் சம்மதம், நிபந்தனையோடு. அது அவர் மாடியில்தான் நிற்கும். அவர்தான் திருப்புவார்.

ஜூலை 27, ஞாயிறு

ஒத்திகை. அந்தக் கால ஒளிபரப்பு எதுவும் இன்று இந்த ஆன்டெனாவில் சிக்காது என்கிறார் கேபிள் ஜோயல். டிவிக்குப் பின்னால் சின்னப் பெட்டி ஒன்றை ஒளித்துவைத்துப் பழைய பாட்டுகளை ஓட்டுவாராம். "ஆன்டெனா சும்மா ஷோதான் சார்." இதைப் பலவேசத்திடம் சொல்ல ஒருவருக்கும் தைரியமில்லை.

அவர் மேலேயிருந்து கத்தினார்: "தெரியுதாவே?" குழல்வாய்மொழி என் காதில் சொன்னாள், நான் வாசலில் நின்று கத்தினேன்: "தெரியலையாம்!"

"யாரு, சிவசைலமா? டிவியப் பத்தி உமக்கு என்னவே தெரியும்?"

இரண்டு வீட்டுக்கும் நடுவே செய்தி நிறுவனம் ஆகிவிட்டேன். விழாவன்றும் இதே ஏற்பாடு. சரிதானா இது? இப்படியே போனால் 'ஏட்டி'க்கு இடம் ஏது?

ஜூலை 30, புதன்

அருவித் தடை நீங்கியது. செய்தி சேகரிக்கத்தான் மெயின் அருவிக்குப் போனேன். துண்டு எதற்குக் கொண்டுபோனாய் என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

தொண்டை சுத்தமாகக் கட்டிவிட்டது. காற்றுதான் வருகிறது. சண்முகசுந்தரி நம்பவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

தெரு நிரம்பிவிட்டது. பம்ப் ஸ்டவ்வைப் பற்ற வைக்க நாலு இன்ஜினீயர்கள் திணறினார்கள். விசில் பதினொரு தடவை கேட்டது. அதில் ஒன்று எனக்கு.

மாலை டிவியின் மரக் கதவைத் திறந்தாள் குழல்வாய்மொழி. ஜோயல் விரலை அசைத்தார். படம் பளிச்சென்று வந்தது.

மேலேயிருந்து: "தெரியுதாவே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. அவளைப் பார்த்தார்கள். அவள் முந்தானையை முறுக்கிக்கொண்டு இருந்தாள்.

"தெரியுதா?"

மேலே கம்பம் கிறீச்சென்று திரும்பியது.

"ஏட்டி! தெரியுதா இல்லையா? கை வலிக்கு!"

குழல்வாய்மொழி முந்தானையை விட்டாள். கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்த திரையைப் பார்த்தாள். வாசலுக்குப் போனாள்.

"தெரியலண்ணே! புள்ளி புள்ளியா வருது! கெழக்க திருப்புங்க!"

ஜோயல் மெதுவாக, "ஆச்சி, கிளியராத்தான இருக்கு..." என்றார்.

"சும்மா இருலே!"

"இப்பத் தெரியுதாட்டி?"

"மொகம் தெரியுது, மூக்கு இல்ல!"

"மூக்குக்கு எந்தப் பக்கம் திருப்ப?"

"மலைப் பக்கம் வேண்டாம்! அங்கனதான்... இல்ல, கூடிப்போச்சு! கொஞ்சம் இங்கன!"

நாலு பாட்டு ஓடி முடிந்தது. திரையை ஒருவரும் பார்க்கவில்லை. சண்முகசுந்தரி விசிலை வாயில் வைத்தபடியே மறந்துவிட்டார். கடைசியில் குழல்வாய்மொழி தெருவுக்கே இறங்கி, மாடியை அண்ணாந்து பார்த்து, இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டாள்.

"யண்ணே! படம் முடிஞ்சிட்டு! எறங்கி வாங்க!"

ஆகஸ்ட் 5, செவ்வாய்

விழாச் செய்தி மூன்று பத்தி வந்தது. ஆன்டெனா பற்றி நான் எழுதவில்லை.

குரல் திரும்பியதும் மனசாட்சி உறுத்த, பலவேசத்திடம் போய் ஜோயலின் பெட்டியைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரித்தார். "ஒயரை எலி கடிச்சு எம்புட்டு வருசமாச்சு! நான் ஒயரே கொடுக்கலையேவே."

"பின்ன எதுக்கு அவ்வளவு நேரம் திருப்புனீங்க?"

"அவ திருப்பச் சொன்னாள்லா?"

காலையில் பண்பொழி மலைக்கோயிலுக்குப் போய் வந்திருக்கிறார். என்ன வேண்டுதல் என்று கேட்டால், "அது செய்தி இல்ல" என்கிறார்.

நிலுவையில் இருப்பவை: படத்தின் முடிவை அவள் இன்னும் சொல்லவில்லை. ரயிலேறும் அன்று ஸ்டேஷனில் சொல்வாளாம். டிக்கெட் வெயிட்டிங் லிஸ்டில் இருக்கிறது. தகவல் தந்தது அவள் மகன். சார்ட் ஞாயிற்றுக்கிழமை வரும்; இடம் உண்டா என்பது அப்போதுதான் தெரியும். ஆன்டெனாவை அதுவரை இறக்கப்போவதில்லை என்கிறார் பலவேசம்.