லைன் நாலுக்கு அடிக்காத போன்

12.7.11 செவ்வாய்

விடிந்ததிலிருந்து புழுக்கம். கம்பெனி பஸ் சுங்குவார்சத்திரத்துக்குப் பத்து நிமிடம் லேட், நின்றுகொண்டே பயணம். சர்வர் ரூமில் மட்டும் மார்கழி. ஸ்வெட்டர் மறந்தாச்சு. மூக்கு ஒழுகல்.

இன்று செய்த வேலை: திரையைப் பார்த்தேன். எண்ணினேன். ரெஜிஸ்டரில் எழுதினேன். மறுபடி திரையைப் பார்த்தேன். உட்கார முடியவில்லை. ரூமுக்குள்ளேயே நாலு தரம் நடை.

அம்மாவுக்கு என் வேலை என்னவென்று போனில் விளக்கினேன். ஹெட்லைட் கம்பெனி. லைனில் இருப்பவர்கள் பதிகிறதெல்லாம் இரண்டு டேட்டாபேஸில் இருக்கிறது. நடுவில் ஒரு ஸ்விட்ச் சர்வர், ஒரு டேட்டாபேஸ் படுத்துவிட்டால் ஆட்களை மற்றதற்கு மாற்றிவிடும். ஒரே நேரத்தில் அறுபது பேருக்குத்தான் இடம். அறுபத்தொன்றாவது ஆள் வெளியே நிற்கணும். யார் உள்ளே, எவ்வளவு நேரமாக என்று பார்ப்பது நான். அம்மா கேட்டாள், "கண்டக்டர் வேலையா?" ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

மதியம் 58. சாப்பிடப் போகும்போது ஒருத்தரும் வெளியேறுவதில்லை, திரும்பி வந்தால் இடம் கிடைக்காது என்ற பயம். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிற ஜனம்தானே.

வெட்டியது: 3. மூன்றுக்கும் போன் அடித்தேன். இருபது நிமிடம் அசைவில்லாத கனெக்‌ஷனை வெட்டலாம், ஆனால் முதலில் அந்த லைனுக்கு மூன்று ரிங். யாரும் எடுக்காவிட்டால்தான் வெட்டு, ரெஜிஸ்டரில் காரணம். எங்கேயும் அச்சடித்த விதி இல்லை. என் மேலதிகாரி தாமோதரன் சார் வாய்மொழியாகச் சொன்னது.

ராத்திரி, கூடத் தங்கும் ராணி வைத்த புளிக்குழம்பு. நன்றாக இருந்தது, சொல்லவில்லை. சொன்னால் தினமும் அதையே வைப்பாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், லைன் 4-ல் ஹெட்லைட் டெஸ்டிங். காண்ட்ராக்ட். நானும் காண்ட்ராக்ட்தான், ஆனால் மாசக் கடைசியில் என்னை பெர்மனென்ட் ஆக்குவதாகப் பேச்சு. அதுவரை வாலைச் சுருட்டிக்கொண்டு இருக்கணும்.

14.7 வியாழன்

60/60. காலை பத்தரையிலிருந்து.

டிஸ்பாட்சிலிருந்து ஐந்து போன். லாரி நிற்கிறதாம், பில் போட உள்ளே வர முடியவில்லையாம். தா. சார் கதவு வழியே தலையை நீட்டினார். "இன்னா ஜோதி, ஃபுல்லா கீது ஃபுல்லா கீதுன்னு சொல்லிக்கினே இருந்தா? யாரையாவது எறக்கி வுடும்மா." டீ கூடக் குடிக்கவில்லை. மண்டைக்குள் கொதிப்பு.

பட்டியலில் டெஸ்ட்-4, 52 நிமிடம் அசைவில்லை. வெட்டினேன். டிஸ்பாட்ச் நுழைந்தது. லாரி கிளம்பியது.

ரெஜிஸ்டரில்: "டெஸ்ட்-4. 52 நிமி. 3 ரிங், பதில் இல்லை."

ரிங் அடிக்கவில்லை. போனில் டிஸ்பாட்ச் ஆள் கத்திக்கொண்டிருந்தான். கை பழக்கத்தில் எழுதிவிட்டது. போகட்டும்.

வாங்க வேண்டியது: ஊக்கு, தேங்காய் எண்ணெய், கொசுவர்த்தி.

15.7 வெள்ளி

மழை வருகிற மாதிரி வந்து போய்விட்டது.

ஆறு மணிக்கு ரூமுக்கு வந்தால் ராணி சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். மதியமே அனுப்பிவிட்டார்களாம். நேற்று அவள் டெஸ்ட் செய்த ஒரு டிரே ஹெட்லைட்டுக்கு ரீடிங்கே இல்லையாம். பெட்டி கட்டி ஸ்டோருக்குப் போன பிறகு கண்டுபிடித்து, எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியதாயிற்று. டெஸ்ட் பண்ணாமலே தள்ளிவிட்டாள் என்று லைன் லீடர் சேகர் சொல்லிவிட்டான். கேட் பாஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். திங்கள் விசாரணை.

"எல்லாம் போட்டேன்க்கா. தொண்ணூத்தாறும் போட்டேன். கடசீல சேவ் அமுக்கப் போனா திரை வெள்ளயாப் போயி, மறுபடி பேரு கேக்குது."

எத்தனை மணிக்கு என்று கேட்டேன். பதினொன்றே கால் இருக்கும் என்றாள்.

நேற்று லாரி கிளம்பிய நேரம். சாதம் வடிக்கப் போய்விட்டேன்.

16.7 சனி

சர்வர் லாகில் நேரப் பதிவைப் பார்த்தேன். டெஸ்ட்-4, 11.14. வெட்டியது என் பேர்.

அரைகுறையாகப் புரிந்தது இப்போது முழுசாகப் புரிந்தது. சேவ் அமுக்கினால்தான் சர்வருக்கு அசைவு தெரியும். கூட்ட நேரத்தில் ஒவ்வொரு சேவும் அரை நிமிடம் சுற்றும். அதனால் டிரே முழுக்கப் போட்டுவிட்டுக் கடைசியில் ஒரே தடவை சேவ் பண்ணச் சொல்லியிருக்கிறான் சேகர். அவள் 52 நிமிடமும் வேலைதான் பார்த்திருக்கிறாள். என் திரையில் அது சும்மா இருந்ததாகத் தெரிந்தது. பேப்பரில் எழுதும் பழக்கத்தை இந்த வருஷம்தான் நிறுத்தினார்கள், இல்லாவிட்டால் அதுவாவது இருந்திருக்கும்.

ஒரு போன் அடித்திருந்தால் போதும். எடுத்து "இருக்கேன்" என்றிருப்பாள்.

ரெஜிஸ்டரில் என் கையெழுத்து. நல்ல குண்டு குண்டாக, பொய்.

இன்று நடந்தவை: தண்ணீர் பாட்டிலை மூன்று தரம் நிரப்பினேன். நகம் கடித்தேன். தா. சார் அறை வரை போய்த் திரும்பினேன், இரண்டு தரம். கனெக்‌ஷன் 51, 49, 44. ஒன்றையும் வெட்டவில்லை.

17.7 ஞாயிறு

ஆடி பிறந்தாச்சு. தெருவில் மைக் செட். வீட்டுக்காரம்மா ஒரு சொம்பு கூழும் முருங்கைக்கீரையும் கொடுத்தார். "இன்னா அந்தப் பொண்ணு மூஞ்சே செரியில்ல" என்றார். காய்ச்சல் என்றேன். பொய் நன்றாக வருகிறது இப்போதெல்லாம்.

ராணி பெட்டியை எடுத்து வைக்கிறாள், மறுபடி பிரிக்கிறாள். ஊருக்குப் போனால் திரும்ப அனுப்ப மாட்டார்கள், மாமா மகன் காத்திருக்கிறான். அவனுக்கு இவளைவிடப் பதினோரு வயசு மூப்பு. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அழுகை நின்றுவிட்டது, அதுதான் இன்னும் மோசம். எனக்குக் கூழ் ஊற்றிக் கொடுத்துவிட்டு, "நீங்க சாப்பிடுங்கக்கா, நேத்தும் சரியாச் சாப்பிடல" என்றாள்.

குடித்தேன். என்னைப் போல ஒரு கோழை இந்தச் சத்திரத்தில் கிடையாது.

18.7 திங்கள்

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றே வந்தேன்.

எட்டரைக்கு ரெஜிஸ்டரோடு தா. சார் அறை. சொன்னேன். போன் அடிக்கவில்லை, அடித்ததாக எழுதினேன், அந்தப் பெண் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவைச் சாத்தினார். விசாரணையில் அந்தப் பெண்ணுக்காக ஏதாவது பேசிப் பார்ப்பதாகவும், இது வெளியே வந்தால் என் பேர்தான் கெடும் என்றும் மெதுவாகச் சொன்னார். "மாசக் கடைசி வரிக்கும் கம்முனு இரும்மா. உன் ஆர்டர் வந்துடும்."

ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது. அந்த ஆசையை இங்கே மறைக்க ஒன்றுமில்லை.

அவர் மேஜையிலேயே ரெஜிஸ்டரைத் திறந்து, "3 ரிங், பதில் இல்லை" என்பதை ஒரு கோடு போட்டு அடித்து, "ரிங் அடிக்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் பேனா. திருப்பிக் கொடுக்க மறந்து கொண்டுவந்துவிட்டேன். ரெஜிஸ்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விசாரணைக்குப் போனார். என்னைப் பார்க்கவில்லை.

மூன்று மணி: ராணிக்கு கேட் பாஸ் திரும்பியது. நாளை முதல் வரலாம். எனக்கு பெர்மனென்ட் இப்போதைக்கு இல்லை, ஆறு மாதம் கழித்துப் பார்ப்பார்களாம். சேகருக்கு ஒன்றுமில்லை. அவனுக்கு எப்போதும் ஒன்றுமில்லை.

சாயங்காலம் ராணியிடம் நானே சொன்னேன். சிரித்துவிடுவாள், கட்டிக்கொள்வாள் என்றுகூட ஒரு மூலையில் நினைப்பு. அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"எப்பத்துலருந்து தெரியும்க்கா?"

வெள்ளிக்கிழமையிலிருந்து என்றேன்.

விரல் விட்டு எண்ணினாள். வெள்ளி, சனி, ஞாயிறு. பாயை எடுத்து அந்தப் பக்கச் சுவரோரம் போட்டுக்கொண்டாள்.

19.7 செவ்வாய்

பேச்சில்லை. தனிச் சமையல். அவளுடையது புளிக்குழம்பு, வாசனை மட்டும் எனக்கு.

சர்வர் ரூம் கதவில் தா. சார் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார், சொந்தக் கையெழுத்தில்: வெட்டுமுன் 3 ரிங். ஆக, விதியாகிவிட்டது. எனக்காக.

20.7 புதன்

வானம் மூட்டம். ஸ்வெட்டர் ஞாபகமாக எடுத்துப்போனேன்.

11 மணிக்கு 60. டிஸ்பாட்ச் போன், இரண்டு தரம். காத்திருக்கச் சொன்னேன். திட்டினான். திட்டட்டும்.

டெஸ்ட்-4, அசைவில்லாமல் 38 நிமிடம். அவள்தான் என்று தெரியும். டிரேயை முடிக்காமல் சேவ் அமுக்கமாட்டாள் என்றும் தெரியும். இருந்தாலும் அடித்தேன். ஒரு ரிங். இரண்டு. மூன்றாவதில் எடுத்தாள்.

"இருக்கேன்," என்றாள். வைத்துவிட்டாள்.