அதிகாரியின் தட்டில் இல்லாத இரைப்பை

அன்பு மகள் முசிம்பிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் பசுக்கள் இரண்டும் சுகம். கோழிகளில் இரண்டு இப்போது நம்மோடு இல்லை, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். தோஹாவில் வெயில் கொளுத்துகிறதாமே, தண்ணீர் நிறையக் குடி, ஹோட்டல் வேலை என்று நின்றுகொண்டே சாப்பிடாதே. போனில் சொல்லலாம்தான், ஆனால் பாதியில் உன் அம்மா பிடுங்கி உண்மையைச் சொல்லிவிடுவாள். அதையே நான் எழுதினால் எனக்குக் கொஞ்சம் கௌரவமாக இருக்கும்.

நீயும் உன் தோழிகளும் பணம் போட்டு இந்த வருடம் உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்புகிற பெற்றோரில்லாத பிள்ளைகள் நான்கு பேரில் மூன்று பேருக்குக் காகிதமெல்லாம் முடிந்துவிட்டது. நான்காவது மினாயோ, ஓடைக்கரை வீட்டுப் பெண். போன மழைக்காலத்தில் தாயையும் பறிகொடுத்ததிலிருந்து நம் வீட்டில்தான் இருக்கிறாள், என்னைப் பெரியப்பா என்கிறாள். அவளுக்குத் தாய் தகப்பன் இல்லை என்று ஊர் அதிகாரி அகுஃபானா முத்திரை குத்தித் தர வேண்டும், திங்கட்கிழமை அந்தக் காகிதம் பள்ளியில் இல்லாவிட்டால் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும். அந்த ஆளைத்தான் உனக்குத் தெரியுமே, முத்திரையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே தூங்குகிறவர். வியாழக்கிழமை மதியம் சாப்பிடக் கூப்பிட்டேன். சிவப்புக் கோழியை அடித்தோம், மினாயோ சமைத்தாள்.

சாப்பிட்ட பிறகு குத்தலாம் என்று முத்திரையை மேஜைமேல் எடுத்து வைத்துவிட்டுத்தான் அகுஃபானா கை கழுவினார். உகாலிக் களியை ஓரமாகத் தள்ளி, காலைப் புரட்டினார், இறக்கையைப் புரட்டினார், கழுத்தைத் தூக்கிப் பார்த்தார், குழம்புக்குள் கரண்டியை விட்டுத் துழாவினார். கோழியின் இரைப்பை இல்லை! ஆண்களுக்கென்றே உள்ள இரைப்பையை விருந்தாளிக்கு வைக்காத வீட்டில் அவர் எப்படிச் சாப்பிடுவார், நானாக இருந்தாலும் எழுந்திருப்பேன். “அடுப்படியில நின்னவதான தின்னுருப்பா? இப்பவே ஆம்பளை பங்கு கேக்குது, பள்ளிக்கூடம் போனா என் நாற்காலியே கேக்கும்” என்று சொல்லி முத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மினாயோ என்னைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

முசிம்பி, அதைத் தின்றது நான். உன் அம்மா விறகு எடுக்கப் போயிருந்தாள், மினாயோ முதுகைக் காட்டிக்கொண்டு உகாலி கிண்டிக்கொண்டிருந்தாள், உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் மூடியைத் திறந்தேன். முப்பத்தாறு வருடமாக இந்த வீட்டில் அது என்னுடையது, கைக்கு விருந்தாளி வருவது எப்படித் தெரியும்? விழுங்கிய பிறகுதான் எனக்கே ஞாபகம் வந்தது. உடனே சொல்லியிருக்கலாம். ஆனால் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் குழுவுக்குத் தலைவன், சட்டியில் கைவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? வெள்ளி, சனி இரண்டு நாளும் ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பள்ளி விடுதிக்குக் கொண்டுபோகும் தகரப் பெட்டிக்குப் பூட்டு வாங்கியிருந்தோம், மினாயோ அதைத் திறந்து மூடி, திறந்து மூடி உட்கார்ந்திருந்தாள். அந்தச் சத்தம் எனக்குத் தாங்கவில்லை. உன் அம்மா என் பக்கத்தில் வந்து, “ஏங்க, இந்த ரெண்டு நாளா கறி வேணாங்கிறீங்களே, உடம்பு சரியில்லையா, இல்ல மனசு சரியில்லையா?” என்றாள். அவளுக்குத் தெரியாமல் இந்த வீட்டில் ஒரு எறும்பும் நடக்காது.

ஞாயிறு சபையில் சாட்சி சொல்லும் நேரம் வந்தது. எனக்கு முன்னால் பேசின ஒரு கிழவி, நைரோபியிலிருந்து பேருந்து கவிழாமல் வந்ததற்கு நன்றி சொன்னாள். நான் எழுந்து, “அகுஃபானாவோட இரைப்பையத் தின்னது நாந்தான், அந்தப் புள்ள மேல பாவம் இல்ல” என்றேன். பாட்டுக்குழு முழுதும் குனிந்து சிரித்தது, போதகர் வேதப்புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டார். முன்வரிசையில் இருந்த அகுஃபானா மெல்லத் திரும்பி, “முழுசுமா?” என்றார். முழுசும்தான் என்றேன். “இன்னொரு கோழி அடி. ஆனா நீ அடுப்படிப் பக்கம் வரக்கூடாது, என் கண்ணு முன்னால வாசல்ல உக்காரணும்” என்றார். அன்று மதியமே வாசலில் உட்கார்ந்தேன். இரைப்பை வந்தது, கண்ணை மூடிக்கொண்டு மென்றார், பிறகு காகிதத்தில் மூன்று இடத்தில் முத்திரை குத்தினார். ஒன்று போதும், சந்தோஷத்தில் மூன்று.

திங்கட்கிழமை பெட்டியை மட்டாட்டு வேனின் கூரைமேல் கட்டினோம். வண்டி நகரும்போது மினாயோ ஜன்னலில் தலையை நீட்டி, “பெரியப்பா, அன்னைக்கு உங்க மீசையில குழம்பு இருந்துச்சு, நான் பாத்தேன்” என்றாள். ஏன் சொல்லவில்லை என்று வண்டியோடு ஓடிக்கொண்டே கேட்டேன். “பள்ளிக்கூடம் போனா போகுது, ஊரே உங்களப் பாத்துச் சிரிக்குமே” என்றாள். பதினாலு வயதுப் பெண், தன் படிப்பையே விட்டுக்கொடுத்து என் மீசையைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறாள். ரோட்டில் நின்று அழுதேன், எழுத வெட்கமில்லை.

கர்த்தர் உன்னையும் உன் தோழிகளையும் தூக்கி நிறுத்தட்டும், உங்கள் கை வறண்டு போகாதிருக்கட்டும். மினாயோவுக்கு ஒரு ஸ்வெட்டர் அனுப்ப மறக்காதே, பள்ளி மேட்டில் குளிர் அதிகம். ஏப்ரலில் விடுமுறைக்கு வருகிறாள், அவளுக்கென்று ஒரு கோழியின் காலில் சிவப்புத் துணி கட்டிவிட்டேன். அதன் இரைப்பை அவளுக்கு. உன் அம்மா சிரிக்கிறாள், நீயாவது நம்பு. நானே எடுத்து வைப்பேன், சட்டியிலிருந்து நேராக அவள் தட்டுக்கு, நடுவில் எங்கும் நிற்காமல்.

மீசையைத் துடைத்துக்கொண்டு,
உன் அப்பா
யோனா கிசிவுலி