வெளியார் எழுதிய பாகங்கள்

மே 11, 1998. திங்கள்
கத்திரி வெயில். பட்டரவாக்கத்தில் ரயிலை விட்டு இறங்கி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குள் நடப்பதற்குள் புடவை முதுகில் ஒட்டிவிட்டது. ஏ.சி. கம்ப்யூட்டர் அறையில் மட்டும்.

புது வேலை. எங்கள் புரோகிராம் ஜெர்மனிக்குப் போகிறது. ஆலை பாய்லரின் சூட்டையும் அழுத்தத்தையும் திரையில் கோடாக வரைந்து காட்டுகிற புரோகிராம். அதற்குள் வெளியார் எழுதிய பாகங்கள் என்னென்ன, ஒவ்வொன்றுக்கும் என்ன நிபந்தனை என்று வாங்குகிறவர்கள் கேட்டிருக்கிறார்கள். யாராவது ஒருவர் பார்த்து, பட்டியலில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம்.

முதலாளி சந்தானம் சார்: "நீயே பாத்துடும்மா ஸ்டெல்லா. எல்லாம் நம்மளுதுதான். ஒரு நாள் வேலை."

ரவிக்கை தைக்கக் கொடுத்தது இன்னும் வரவில்லை.

மே 12
ஒரு நாள் வேலை இல்லை. எந்தப் பாகம் எதையெல்லாம் உள்ளே இழுக்கிறது என்று ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து பார்த்தால்தான் தெரிகிறது. கண் எரிச்சல்.

பக்கத்து நாற்காலி குமரேசனுக்கு விளக்கினேன். நாம் எழுதியதை மெஷின் பாஷைக்கு மாற்றுகிற கம்பைலர் கரண்டி மாதிரி, சமைத்ததும் வெளியே வந்துவிடும். சில பாகங்கள் பெருங்காயம். குழம்போடு போகும். போகிறவற்றுக்குத்தான் அனுமதி பார்க்க வேண்டும். "நல்லா பசியக் கெளப்புற" என்றான். முகப்பேர்க்காரன். கோடு வரையும் பாகம் அவனுடையது. அதற்காகத்தான் சார் அவனை லீடர் ஆக்கினார்.

மே 13


குமரேசனின் பாகம். மேலே அவன் பெயர். நடுவில், இங்கிலீஷில், எழுதியவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட குறிப்பு: வெளியே முழங்கால் வரை பனி, மீதியை நாளை பார்க்கிறேன்.

முகப்பேரில் பனியா?

மதியம் முழுக்க அலமாரியிலிருந்த சிடிக்களைத் தேடினேன். பத்திரிகையோடு இலவசமாக வந்த ஒன்றில் கிடைத்தது. எழுத்துக்கு எழுத்து அதேதான். மேலே யாரோ ஒரு நார்வேக்காரர் பெயர். கீழே நிபந்தனை. யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இதைச் சேர்த்து ஒரு புரோகிராமை வெளியே கொடுத்தால், அந்தப் புரோகிராம் முழுவதையும், எழுதிய வரிகளோடு, யாரும் எடுத்துக்கொள்ளும்படி திறந்து கொடுக்க வேண்டும். அதாவது எங்கள் எல்லோருடைய உழைப்பையும்.

வீட்டில் அப்பா: "ஏட்டி, சோத்த வச்சுக்கிட்டு ஃபேனையா பாக்க?"

மே 14
டீக்கடை.

"இன்னா ஸ்டெல்லா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

"நீ பனி பாத்திருக்கியா குமரேசா?"

சிரித்தான். பிறகு புரிந்துவிட்டது. கிளாஸைக் கீழே வைத்தான்.

"சார் ரெண்டு நாள்ல வோணும்னாரு. என்னால முடில. சிடில இருந்திச்சி, எட்து போட்டேன். ஃப்ரீன்னுதான் போட்டிருந்தான்."

"ஃப்ரீதான். பேரை ஏன் அழிச்சே?"

"ஊட்ல எல்லார்கிட்டயும் லீடருன்னு சொல்லிகினு கீறேன். கையெழுத்து போட்று ஸ்டெல்லா. எவன் பாக்கப் போறான்?"

"நான் பாத்தேனே."

சாரிடம் அவனே சொல்லட்டும், இல்லாவிட்டால் நான் சொல்வேன் என்றேன். கறாராகத்தான் சொன்னேன்.

மே 15
குமரேசன் வரவில்லை. ஃபோனும் இல்லை. வேலையை விட்டுவிட்டானா? வேறு ஏதாவது? அப்படியெல்லாம் நினைக்கக் கூடாது.

சார் எட்டிப் பார்த்து, "முடிஞ்சுதாம்மா?" திங்கட்கிழமை என்றேன். வாயில் வந்தது அதுதான். திரும்பும்போது ரயிலைத் தவறவிட்டேன், அடுத்ததில் உட்கார இடமில்லை.

மே 17, ஞாயிறு
பூசை. பிரசங்கம் ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. அவனுக்கு வேலை போனால் என்னால். கையெழுத்துப் போட்டால் அந்தப் பொய் என் பெயரில்.

மே 18
குமரேசன் எனக்கு முன்னால் வந்து சார் அறையில் நின்றுகொண்டிருந்தான். சொல்லிவிட்டான் போல. கண்ணாடிக் கதவு வழியே சாரின் குரல். என்னையும் கூப்பிட்டார்.

"நீ கையெழுத்துப் போடு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

"போட மாட்டேன் சார்."

"அப்ப போடற ஆள வச்சுக்கறேன்."

குமரேசன்தான் பேசினான். சார் முன்னால் அவன் பாஷையே வேறு. "வேணாம் சார். அந்த பாகத்தை எடுத்துடலாம். நானே புதுசா எழுதறேன். லேட் ஆகும். ஆனா எழுதிடுவேன்."

"வெளிய போங்க ரெண்டு பேரும்."

வேலை உண்டா இல்லையா என்று தெரியாமலே சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தோம். கிளம்பும்போது சார், எங்களைப் பார்க்காமல்: "பத்து நாள்."

மே 27
எழுதிவிட்டான். மெதுவாக வரைகிறது, வளைவுகளில் கோடு பிசிறு தட்டுகிறது. வரி வரியாகப் பார்த்தேன். அவனுடையதுதான். கையெழுத்துப் போட்டேன். அனுப்பியாகிவிட்டது.

அவனுக்கு லீடர் பதவி போய்விட்டது. சாப்பிடும்போது யாரும் எங்கள் மேஜைக்கு வரவில்லை. குமரேசன்: "ஸ்லோதான். ஆனா என்து." என் டப்பாவிலிருந்த மீனை எடுத்துக்கொண்டான்.

ஜூன் 1
மேகம் இருக்கிறது, மழை இல்லை.

ஜெர்மனிக்காரர்களுக்கு எங்கள் பழைய புரோகிராமும் வேண்டுமாம். கம்பெனி ஆரம்பித்த புதிதில் சார் தனியாளாக எழுதியது. "அதையும் பாத்துடும்மா. குமரேசன் கூட இருக்கட்டும்." இத்தனை நாள் கழித்து முகம் பார்த்துப் பேசினார்.

முதல் ஃபைல். மேலே சார் பெயர். கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டுவிட்டேன்.

"இது முழுக்க நீங்க எழுதினதா சார்?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பாரும்மா. பாத்துட்டு சொல்லு."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குமரேசன் என்னைப் பார்த்தான். நான் அடுத்த பக்கத்துக்குப் போனேன்.